பணம் எடுக்க வரும் நாள்

2006ஆம் ஆண்டு மே மாதம், ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து நிறுவனம் ஒன்று தன் வாடிக்கையாளர்களுக்கு ஏடிஎம் அட்டை கொடுக்கப்போவதாக அறிவித்தது. மைண்ட்ஆர்க் என்பது அதன் பெயர். வங்கித் தொழிலுக்கும் அதற்கும் அன்று தொடர்பில்லை. அது கணினி விளையாட்டு நடத்திய நிறுவனம். ‘என்ட்ரோப்பியா யுனிவர்ஸ்’ என்ற அந்த விளையாட்டில் காலிப்சோ என்றொரு கற்பனைக் கோள் உண்டு. அங்கே விலங்குகளை வேட்டையாடியும் கனிமம் தோண்டியும் சேர்த்த காசை, இந்த அட்டையைச் செருகி, தெருமுனை ஏடிஎம்மில் நோட்டாக எடுத்துக்கொள்ளலாம். பத்திரிகைகள் வியந்து எழுதின.

வியப்பு முழுவதும் வேட்டைக்காரர் மீதே இருந்தது. இயந்திரத்திலிருந்து வெளியே வரும் நோட்டு முதலில் யார் கையிலிருந்து வந்தது, நிறுவனம் அதை எந்தக் கணக்கில் வைத்திருந்தது, எல்லோரும் ஒரே வாரத்தில் அட்டையோடு வந்து நின்றால் என்ன நடக்கும் என்று கேட்டவர்கள் குறைவு. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னது. ஆட்டக்காரரின் திரையில் தெரியும் இருப்புத் தொகை நிறுவனம் பட்ட கடன் என்பதை ஒப்புக்கொண்டு நடந்தவை பிழைத்தன. அதைத் தன் வருமானமாக எண்ணிச் செலவழித்த ஒன்று, லட்சக்கணக்கானோரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைத்தது.

அதற்கும் முன்பே விளையாட்டுக் காசுக்கு வெளிச்சந்தையில் விலை இருந்தது. 1999இல் வந்த ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டின் நாணயத்தை ஆட்டக்காரர்கள் ஈபே ஏலத்தில் நிஜ டாலருக்கு விற்றார்கள். கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த பொருளியலாளர் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா 2001இல் அந்த ஏல விலைகளைத் திரட்டிக் கணக்குப் போட்டார். விளையாட்டின் ஒரு நாணயம் ஒரு அமெரிக்க சென்டுக்குச் சற்று அதிகமாக விலைபோனது. அன்றைய ஜப்பானிய யென்னையும் இத்தாலிய லிராவையும் விட அதன் மதிப்பு கூடுதல். விளையாட்டை நடத்திய சோனி நிறுவனத்துக்கு இந்த வியாபாரம் பிடிக்கவில்லை. 2001 தொடக்கத்தில் அதன் கோரிக்கையை ஏற்று ஈபே அந்த ஏலங்களை நீக்கியது. சோனியின் பிடிவாதத்தில் ஒரு தெளிவு இருந்தது: காசு கைமாறுவது ஆட்டக்காரர்களுக்கு இடையில் நடக்கும்வரை, யாருக்கும் பணம் கொடுக்க வேண்டிய கடமை நிறுவனத்துக்குக் கிடையாது.

மைண்ட்ஆர்க் அந்தக் கடமையை விரும்பி ஏற்றது. 2003 ஜனவரியில் ‘ப்ராஜெக்ட் என்ட்ரோப்பியா’ என்ற பெயரில் விளையாட்டு வணிகரீதியாகத் தொடங்கியபோதே, அதன் நாணயமான பிஇடிக்கு நிலையான மாற்று விகிதம் வைத்தார்கள். 10 பிஇடி கொடுத்தால் 1 டாலர். அன்று முதல் மாறாத விகிதம் அது. அரசு ஒன்று தன் நாணயத்தை டாலரோடு கட்டிப்போட்டால் எவ்வளவு டாலர் கையிருப்பு வைக்க வேண்டும் என்று மத்திய வங்கிகள் மண்டையை உடைத்துக்கொள்வது உண்டு. அதே சிக்கலை ஒரு சிறிய விளையாட்டு நிறுவனம் தன் தலையில் ஏற்றிக்கொண்டது.

அதைச் சமாளிக்க அவர்கள் வகுத்த வழி நுட்பமானது. விளையாட்டில் எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. தோட்டாவுக்கு விலை, சுடச்சுடத் துப்பாக்கி தேயும், அதைப் பழுதுபார்க்கக் காசு. வேட்டையில் கிடைக்கும் பொருள்கள் மூலம் இந்தச் செலவின் பெரும்பகுதி ஆட்டக்காரர்களிடமே திரும்பிப் போகும். மீதிதான் நிறுவனத்தின் வருமானம். ஒவ்வொரு பொருளுக்கும் ‘டிரேட் டெர்மினல்’ எனப்படும் கடையில் நிர்ணயித்த விலை ஒன்று இருக்கும். எந்தப் பொருளையும் எப்போதும் அந்த விலைக்கு அங்கே போட்டுவிடலாம். நிறுவனம் கொடுத்த வாக்கு அந்த அளவோடு நின்றது. அபூர்வமான ஒரு துப்பாக்கி ஆட்டக்காரர்களிடையே பல ஆயிரம் டாலருக்குக் கைமாறும். டெர்மினலில் போட்டால் கிடைப்பது சொற்பத் தொகை. இடையில் உள்ள பெரும் வித்தியாசத்தை ஓர் ஆட்டக்காரர் இன்னோர் ஆட்டக்காரருக்குக் கொடுக்கிறார். நிறுவனத்தின் கடன் ஏட்டில் அது ஏறுவதில்லை. இதனால் விளையாட்டுக்குள் சொத்து மதிப்பு எவ்வளவு ஏறினாலும், நிறுவனம் கொடுக்க வேண்டிய ரொக்கம் அதே அளவில் ஏறவில்லை.

ரொக்கம் திரட்டவும் அவர்களிடம் ஒரு கருவி இருந்தது: நிலம். 2004 டிசம்பரில் ‘ட்ரெஷர் ஐலண்ட்’ என்ற கற்பனைத் தீவை ஓர் ஆஸ்திரேலிய இளைஞர் 26,500 டாலருக்கு ஏலம் எடுத்தார். மறு ஆண்டு, ஜான் ஜேக்கப்ஸ் என்ற ஆட்டக்காரர் சிறுகோள் ஒன்றை 1,00,000 டாலருக்கு வாங்கி அதில் கேளிக்கை விடுதி நடத்தினார். 2010இல் அதைப் பிரித்துப் பிரித்து மொத்தம் 6,35,000 டாலருக்கு விற்றார். 2007இல் விளையாட்டுக்குள் வங்கி நடத்தும் உரிமங்கள் ஐந்து ஏலம் போய், நிறுவனத்துக்குச் சுமார் 4 லட்சம் டாலர் வந்தது. 2011 இறுதியில் காலிப்சோ கோளின் வருவாயில் பங்கு தரும் பத்திரங்களை, தலா 100 டாலர் விலையில், 60,000 வெளியிட்டார்கள்.

இந்த விற்பனைகள் அனைத்துக்கும் ஒரே அமைப்பு. வாங்குபவர் ரொக்கத்தை முன்கூட்டியே கொடுக்கிறார். பதிலுக்குக் கிடைப்பது, அந்த நிலத்தில் வேட்டையாடுவோரிடமிருந்து வரி பெறும் உரிமை அல்லது வருவாயில் ஒரு பங்கு. முதலைத் திரும்பப் பெற வேண்டுமானால் இன்னோர் ஆட்டக்காரரிடம்தான் விற்க வேண்டும். நிறுவனத்திடம் கேட்க முடியாது. நிலம் விற்று வந்த காசு நிறுவனத்தின் கணக்கில் கடனில்லாத பணமாக உட்கார்ந்தது.

மறுமுனையில் பணம் வெளியேறும் வாய் குறுகலாகவே வைக்கப்பட்டது. ஒரு முறை எடுக்கக் குறைந்தபட்சம் 1,000 பிஇடி, அதாவது 100 டாலர், இருக்க வேண்டும். கட்டணம் உண்டு, அடையாளச் சரிபார்ப்பு உண்டு. விண்ணப்பித்தபின் பணம் வந்து சேர வாரக்கணக்கில் ஆவது வழக்கம். போடுவதற்கு ஒரு நிமிடம், எடுப்பதற்குப் பல வாரம். திருட்டு அட்டையில் பணம் போட்டுவிட்டு உடனே எடுத்து ஓடுவோரைப் பிடிக்க இந்த அவகாசம் தேவை என்பது நியாயமான காரணம். அந்த வாரங்களில் பணம் நிறுவனத்திடமே இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2009 மார்ச்சில் ஸ்வீடனின் நிதி மேற்பார்வை ஆணையம் மைண்ட்ஆர்க்குக்கு வங்கி தொடங்க அனுமதி அளித்தது. நடந்திருந்தால், விளையாட்டுக் கணக்கில் உள்ள தொகைக்கு அந்நாட்டு அரசின் வைப்புத்தொகைக் காப்பீடு கிடைத்திருக்கும். வேட்டைக்காரரின் காசுக்கு ஓர் அரசு உத்தரவாதம்! ஆனால் அந்த வங்கி திறக்கப்படவே இல்லை.

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இதற்கு நேர் எதிரான வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். பிலிப் ரோஸ்டேல் தொடங்கிய லிண்டன் லேப் 2003 ஜூனில் ‘செகண்ட் லைஃப்’ உலகைத் திறந்தது. அதில் வேட்டையும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. ஆட்டக்காரர்கள் வீடு கட்டினார்கள், உடை தைத்து விற்றார்கள், நிலம் வாங்கி வாடகைக்கு விட்டார்கள். அங்கு புழங்கிய நாணயம் லிண்டன் டாலர். அதை நிஜப் பணமாக மாற்றித் தருவதாக நிறுவனம் எங்கேயும் வாக்குக் கொடுக்கவில்லை. லிண்டன் டாலர் என்பது விளையாட்டின் ஓர் அம்சத்தைப் பயன்படுத்தும் வரையறுக்கப்பட்ட உரிமம் மட்டுமே என்று விதிமுறைகளில் எழுதிவைத்தது.

அப்படியானால் பணம் எடுத்தது எப்படி? முதலில் வெளியார் நடத்திய மாற்றுச் சந்தைகள் இருந்தன. 2005 அக்டோபரில் லிண்டன் லேப் தானே ‘லிண்ட்எக்ஸ்’ என்ற சந்தையைத் திறந்தது. அதில் விற்பவரும் ஆட்டக்காரர், வாங்குபவரும் ஆட்டக்காரர். துணி விற்றுச் சேர்த்த லிண்டன் டாலரை ஒருவர் விற்பனைக்கு வைக்கிறார். புதிதாக வந்த இன்னொருவர் தன் கடன் அட்டையிலிருந்து அமெரிக்க டாலர் கொடுத்து அதை வாங்குகிறார். விற்றவர் கணக்கில் ஏறும் ஒவ்வொரு டாலரும் சற்றுமுன் வேறொருவர் நிஜமாகக் கட்டியது. நிறுவனம் இடையில் தரகு எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே. எல்லோரும் ஒரே நாளில் விற்க வந்தால் நிறுவனத்தின் பெட்டி காலியாகாது, நாணயத்தின் விலை விழும். நெருக்கடியின் பாரத்தை ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது.

விலை விழாமல் பார்த்துக்கொள்வது வேறொரு வேலையானது. மாதச் சந்தா கட்டுவோருக்கு வாரந்தோறும் படிக்காசு கொடுத்தது நிறுவனம். அது 500 லிண்டன் டாலரிலிருந்து 400 ஆகி, பிறகு 300 ஆகக் குறைந்தது. படம் ஒன்றை உலகுக்குள் ஏற்ற 10 லிண்டன் டாலர், விளம்பரத்துக்குத் தனிக் கட்டணம் என்று நாணயத்தை உறிஞ்சி எடுக்கும் வழிகளும் வைக்கப்பட்டன. தேவை கூடும்போது ‘சப்ளை லிண்டன்’ என்ற கணக்கின் மூலம் நிறுவனமே புதிய லிண்டன் டாலரை உருவாக்கிச் சந்தையில் விற்றது. விகிதம் ஒரு டாலருக்கு 250 முதல் 270 வரையிலான குறுகிய வரம்பில் பல ஆண்டுகள் நின்றதற்கு இந்தப் பராமரிப்பே காரணம். அரசுகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த நாணய அச்சடிப்பு லாபம் இங்கே ஒரு தனியார் நிறுவனத்துக்குக் கிடைத்தது. அந்த உரிமையை அது அடக்கமாகவே பயன்படுத்தியது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் ‘இது பணமே அல்ல’ என்று விதிமுறையில் எழுதிவிட்டால் நீதிமன்றமும் அதை ஏற்க வேண்டும் என்பதில்லை. பென்சில்வேனியாவைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர், ஏலத்துக்கு வராத நிலத்தை இணைய முகவரியில் எண்ணை மாற்றி மலிவாக எடுத்துவிட்டார் என்று சொல்லி, லிண்டன் லேப் 2006இல் அவர் கணக்கை முடக்கியது. நிலமும் இருப்பும் போயின. அவர் வழக்குத் தொடுத்தார். தகராறு எதுவானாலும் கலிபோர்னியாவில் நடுவர் முன்தான் தீர்க்க வேண்டும் என்ற நிறுவனத்தின் விதி ஒருதலைப்பட்சமானது, செல்லாது என்று 2007 மே மாதம் கூட்டாட்சி நீதிபதி எட்வர்டோ ராப்ரெனோ தீர்ப்பளித்தார். சில மாதங்களில் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. கணக்கை முடக்கும் அதிகாரம் எல்லையற்றது என்ற எண்ணத்துக்கு அந்தத் தீர்ப்பில் முதல் அடி விழுந்தது.

அதே 2007இல் செகண்ட் லைஃபுக்குள் ஒரு வங்கி ஓட்டம் நடந்தது. ஜூலை 25 அன்று லிண்டன் லேப் தன் உலகில் சூதாட்டத்தைத் தடை செய்தது. சூதாட்ட விடுதிகள் ஒரே இரவில் மூடப்பட்டன. அங்கே புழங்கிய காசை எடுக்க மக்கள் ‘ஜின்கோ ஃபைனான்சியல்’ என்ற அமைப்பின் முன் குவிந்தார்கள். ஜின்கோவை நடத்தியவர் ஓர் ஆட்டக்காரர். லிண்டன் லேபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கற்பனைக் கடைத்தெருக்களில் அதன் ஏடிஎம் இயந்திரங்கள் நின்றன. நாளொன்றுக்கு 0.1%, கூட்டுவட்டியில் ஆண்டுக்கு 44%, என்று விளம்பரம். தொண்ணூறுகளின் தமிழ்நாட்டு நிதி நிறுவனங்களின் வாசலில் நின்று திரும்பியவர்களுக்கு இதன் முடிவைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதலில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு வந்தது. பிறகு வழங்கலே நின்றது. ஆகஸ்டில் பாக்கித் தொகை முழுவதையும், முதிர்வுத் தேதியே இல்லாத கடன் பத்திரங்களாக மாற்றிவிட்டார்கள். சிக்கியது சுமார் 20 கோடி லிண்டன் டாலர். அன்றைய விகிதத்தில் ஏறத்தாழ 7,50,000 அமெரிக்க டாலர்.

தமிழ்நாட்டில் அந்த நிதி நிறுவனங்கள் விழுந்தபின் 1997இல் முதலீட்டாளர் நலன் காக்கும் சட்டம் ஒன்று வந்தது. சொத்துகளைப் பறிமுதல் செய்து பங்கிட்டுக் கொடுக்க அதில் வழி இருந்தது. ஜின்கோவில் போட்டவர்களுக்குப் போய் நிற்க எந்த அலுவலகமும் இல்லை. லிண்டன் லேப் இழப்பை ஈடுகட்டவில்லை. 2008 ஜனவரி 8 அன்று ஓர் அறிவிப்பு வெளியிட்டது: எந்த நாட்டு அரசிடமாவது பெற்ற உரிமமோ பதிவோ இல்லாமல் யாரும் வட்டி தருவதாகச் சொல்லிப் பணம் வாங்கக்கூடாது. ஜனவரி 22 முதல் அது அமலானது. கற்பனை வங்கிகள் ஒட்டுமொத்தமாக மறைந்தன. இதில் கவனிக்க வேண்டியது, ஜின்கோ சரிந்த வாரங்களிலும் லிண்ட்எக்ஸ் சந்தையில் நாணய விகிதம் பெரிதாகக் குலையவில்லை என்பது. சந்தையின் டாலர்கள் நிஜமாக இருந்தன. ஜின்கோவின் வாக்குறுதிகளுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

இவற்றையெல்லாம்விடப் பல மடங்கு பணம் புழங்கிய இடம் ஆன்லைன் போக்கர். அங்கே கற்பனை நாணயம்கூடத் தேவைப்படவில்லை. திரையில் தெரியும் ஒரு டாலர் ஒரு டாலர்தான். ஆட்டக்காரர் 200 டாலர் போடுகிறார், ஆடுகிறார், மிச்சத்தை எடுத்துக்கொள்கிறார். நிறுவனம் ஒவ்வொரு ஆட்டத்திலும் சிறு பங்கை எடுத்துக்கொள்கிறது. கேட்பதற்கு இதைவிட எளிய கணக்கு வேறில்லை. மிகப் பெரிய விபத்து இங்கேதான் நேர்ந்தது.

2006 அக்டோபரில் அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட சட்டம் ஒன்று, சட்டவிரோத இணையச் சூதாட்டத்துக்குப் பணம் கொண்டுசெல்வதைக் குற்றமாக்கியது. ஆடுவோரை அது தொடவில்லை. பணம் போகும் குழாயைப் பிடித்தது. மறு ஜனவரியில், இத்தளங்களுக்குப் பணம் கடத்தித் தந்த நெட்டெல்லர் நிறுவனத்தைத் தொடங்கிய இருவரை அமெரிக்க அதிகாரிகள் கைது செய்தார்கள். நிறுவனம் அமெரிக்கச் சேவையை நிறுத்தியது. அமெரிக்க ஆட்டக்காரர்களின் 9 கோடி டாலருக்கும் மேலான பணம் மாதக்கணக்கில் முடங்கி, ஜூலை இறுதியில்தான் திரும்பத் தொடங்கியது.

பல தளங்கள் அமெரிக்காவை விட்டு வெளியேறின. போக்கர்ஸ்டார்ஸும் ஃபுல் டில்ட் போக்கரும் வெளியேறவில்லை. வங்கிகள் சூதாட்டப் பணத்தைத் தொட மறுத்ததால், இடைத்தரகர்கள் மூலம் நகைக்கடை, கோல்ஃப் பந்து விற்கும் கடை என்றெல்லாம் பொய்ப் பெயரில் பரிவர்த்தனைகள் நடந்ததாக அரசுத் தரப்பு பின்னர் குற்றம்சாட்டியது. ஒவ்வொரு தரகரும் சில மாதங்களே தாக்குப்பிடித்தார். பிடிபட்டால் அவர் கணக்கில் இருந்த பணம் முடங்கும். நிறுவனம் அடுத்த தரகரைத் தேடும்.

2010இல் ஃபுல் டில்ட் ஒரு கட்டத்தை எட்டியது. ஆட்டக்காரர் தன் வங்கிக் கணக்கிலிருந்து 200 டாலர் போடுவதாகப் பொத்தானை அழுத்துவார். திரையில் 200 டாலர் உடனே தெரியும். ஆனால் அந்தப் பணத்தை அவர் வங்கியிலிருந்து வசூலித்துக் கொடுக்கத் தரகர் யாரும் இல்லை. ஆட்டக்காரருக்கு இது தெரியாது. நிறுவனத்துக்குத் தெரியும், தெரிந்தும் வரவு வைத்துக்கொண்டே இருந்தது. பொத்தான் வேலை செய்யவில்லை என்று சொன்னால் அவர் போட்டித் தளத்துக்குப் போய்விடுவாரே என்ற பயம். வராத 200 டாலரை வைத்து அவர் ஆடித் தோற்கிறார். வென்றவர் கணக்கில் அது 200 டாலராகச் சேர்கிறது. வென்றவர் எடுக்கும்போது நிறுவனம் நிஜ டாலர் கொடுத்தாக வேண்டும். இப்படி வசூலாகாமல் வரவு வைக்கப்பட்ட தொகை 13 கோடி டாலர் அளவுக்கு வளர்ந்தது. காற்றில் பிறந்த பணம் ஒரு மேசையில் தோற்று மறு மேசையில் உண்மையான கடனாக மாறியது. இந்தத் துறையின் வரலாற்றில் இவ்வளவு தெளிவாக ஒரு நிறுவனம் தன் கழுத்தில் தானே சுருக்குப் போட்டுக்கொண்ட வேறு சம்பவம் கிடையாது.

2011 ஏப்ரல் 15, வெள்ளிக்கிழமை. நியூயார்க் தெற்கு மாவட்ட அரசு வழக்கறிஞர் ப்ரீத் பராரா பெரிய போக்கர் தளங்களின் உரிமையாளர்கள்மீது குற்றப்பத்திரிகையை வெளியிட்டார். இணைய முகவரிகள் கைப்பற்றப்பட்டன. ஆட்டக்காரர்கள் இன்றும் அதைக் ‘கறுப்பு வெள்ளி’ என்கிறார்கள். அந்த வாரம் இரு நிறுவனங்களுக்கும் ஒரே சோதனை: அமெரிக்க ஆட்டக்காரர்களின் இருப்பைத் திருப்பிக் கொடு.

போக்கர்ஸ்டார்ஸ் கொடுத்தது. ஐல் ஆஃப் மேன் தீவின் உரிமத்தில் இயங்கிய அந்நிறுவனம் ஆட்டக்காரர் பணத்தைத் தன் செலவுக் கணக்கோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்திருந்தது. அரசோடு உடன்பாடு கண்டு சில வாரங்களில் அமெரிக்கர்களுக்குப் பணம் அனுப்பத் தொடங்கியது.

ஃபுல் டில்ட் நாள் கடத்தியது. ஜூன் 29 அன்று அதற்கு உரிமம் தந்த ஆல்டர்னி தீவின் சூதாட்டக் கட்டுப்பாட்டு ஆணையம் உரிமத்தை நிறுத்திவைத்ததும் உலகெங்கும் ஆட்டம் நின்றது. செப்டம்பரில் பராரா அலுவலகம் திருத்திய மனுவைத் தாக்கல் செய்தபோது உண்மை வெளிவந்தது. 2011 மார்ச் 31 நிலவரப்படி உலகெங்கும் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர். வங்கியில் இருந்தது சுமார் 6 கோடி. 2007 ஏப்ரல் முதல் இயக்குநர்களும் பங்குதாரர்களும் எடுத்துக்கொண்டது 44 கோடி டாலருக்கும் மேல். ஆட்டக்காரர் பணம் பத்திரமாக இருக்கிறது என்று அதுவரை சொல்லிவந்த நிறுவனம் அது. அரசு வழக்கறிஞர் அதை உலகளாவிய பான்சி மோசடி என்றே அழைத்தார்.

சூதாட்டத் தளத்தில் பணத்தை விட்டவர்களுக்கு என்ன பரிவு என்று கேட்போர் உண்டு. அது தவறான கேள்வி. அவர்கள் தோற்ற பணத்தைக் கேட்கவில்லை. தோற்காத பணத்தை, தங்கள் பெயரில் எழுதியிருந்த தொகையைக் கேட்டார்கள். அதில் வாடகைக்கும் படிப்புக்கும் ஒதுக்கிய காசும் இருந்தது.

மீட்பு வந்தது போட்டியாளர் கையிலிருந்துதான். 2012 ஜூலை 31 அன்று போக்கர்ஸ்டார்ஸ் அரசோடு 73.1 கோடி டாலர் உடன்பாடு செய்தது. 54.7 கோடி அமெரிக்க அரசுக்கு, 18.4 கோடி ஃபுல் டில்ட்டின் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு. அமெரிக்கர்கள் மேலும் காத்திருந்தார்கள். 2014 பிப்ரவரி இறுதியில்தான் முதல் தவணையாக சுமார் 27,500 பேருக்கு 7.6 கோடி டாலர் போய்ச் சேர்ந்தது. கறுப்பு வெள்ளியிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள்.

இதே காலத்தில் ப்ளிஸார்ட் நிறுவனம் ‘டையாப்லோ 3’ விளையாட்டில் நிஜப் பண ஏலக்கடை ஒன்றை நடத்திப் பார்த்தது. 2012 ஜூனில் அமெரிக்காவில் திறந்த அந்தக் கடையில் வாளும் கவசமும் விற்பவர், வரும் பணம் எங்கே போக வேண்டும் என்று முன்பே தேர்ந்தெடுக்க வேண்டும். நிறுவனத்தின் சொந்தக் கணக்கில் வைத்தால் அதன் விளையாட்டுகளுக்கே செலவிடலாம், வெளியே எடுக்க முடியாது. பேபால் வழியாக எடுத்தால் 15% கட்டணம். ரொக்கம் கொடுக்கும் பொறுப்பை உரிமம் பெற்ற வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டு, தன்னிடம் தங்கும் பணத்துக்கு வெளியேறும் வழியே இல்லாமல் செய்த திட்டம் இது. 2014 மார்ச்சில் கடை மூடப்பட்டது. காரணம் பணமல்ல, வேட்டையாடிப் பொருள் தேடும் சுவையை ஏலக்கடை கெடுத்துவிட்டது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டது.

சட்டம் மெதுவாகப் பின்னால் வந்தது. 2013 மார்ச்சில் அமெரிக்கக் கருவூலத்தின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவு, நிஜப் பணமாக மாற்றக்கூடிய மெய்நிகர் நாணயங்களை மாற்றித் தருவோர் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கான விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று தெளிவுபடுத்தியது. இரண்டு மாதத்தில் லிண்டன் லேப் வெளியார் மாற்றுச் சந்தைகளுக்குத் தடை விதித்தது. 2015இல் செகண்ட் லைஃப் ஆட்டக்காரர்கள் வெளியே எடுத்த தொகை மட்டும் சுமார் 6 கோடி டாலர். அந்த அளவு பணத்தைப் பழைய உரிமப் பத்தி ஒன்றின் பின்னால் மறைத்துவைக்க முடியாது.

2019 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டக்காரர்களின் அமெரிக்க டாலர் இருப்பு முழுவதும் ‘டிலியா’ என்ற துணை நிறுவனத்துக்கு மாறியது. பணப் பரிமாற்ற உரிமங்களை மாநிலம் மாநிலமாகப் பெற்ற நிறுவனம் அது. பணம் எடுக்க அடையாள ஆவணம் கட்டாயமானது. கற்பனைப் பெயரில் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து பழகிய பலருக்கு அது கசந்தது. வேறு பெயரில் வாழலாம் என்பதுதானே அந்த உலகின் ஈர்ப்பே. ஆனால் உரிமம் என்றால் தணிக்கை உண்டு, கையிருப்பு விதி உண்டு, கேள்வி கேட்க ஓர் அதிகாரி உண்டு. ஜின்கோவில் இழந்தவர்களுக்கு இல்லாமல்போனவை இவையே.

இந்தியாவில் இந்த விவாதம் வேறு பாதையில் போனது. தமிழ்நாட்டில் ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தபோது, நீதிபதி சந்துரு தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2022இல் தடைச் சட்டம் இயற்றப்பட்டது. பேச்சு முழுவதும் அடிமைத்தனத்தையும் உயிரிழப்பையும் சுற்றியே இருந்தது. அது அப்படித்தான் இருந்திருக்கவும் வேண்டும். வாலெட்டில் கிடக்கும் பணம் யாருடைய கணக்கில் இருக்கிறது என்ற கேள்வி பின்னுக்குப் போனது. 2023 ஏப்ரலில் மத்திய அரசு திருத்திய தகவல் தொழில்நுட்ப விதிகளில், டெபாசிட்டைத் திரும்ப எடுக்கும் முறையையும் அதைப் பாதுகாக்க எடுத்த நடவடிக்கைகளையும் நிறுவனங்கள் ஆட்டக்காரருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு நல்ல பகுதி இருந்தது. கண்காணிக்க வேண்டிய சுயகட்டுப்பாட்டு அமைப்புகள் உருவாகாததால் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை.

வரித்துறை மட்டும் சரியான இடத்தில் போய் நின்றது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆட்டக்காரர் பணம் எடுக்கும்போதே நிகர வெற்றித் தொகையில் 30% பிடித்தம். ஆண்டு முடிவில் எடுக்காமல் விட்ட இருப்புக்கும் அது பொருந்தும். அதே ஆண்டு அக்டோபர் முதல், போடும் தொகை முழுவதன் மீதும் 28% ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. பணம் உள்ளே வரும் வாயிலும் வெளியே போகும் வாயிலும் அரசு தன் பங்கை உறுதிசெய்துகொண்டது. இடையில் கிடக்கும் பணத்தின் பாதுகாப்புக்கு அதே அளவு உறுதியான ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுவதும் தடை செய்யும் சட்டத்தை இரண்டே நாளில் நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. பெரிய நிறுவனங்கள் ஆட்டத்தை நிறுத்தின. இருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன. பலர் எடுத்தார்கள். சில நிறுவனங்கள் பல கோடி ரூபாயை ஆட்டக்காரர்களுக்குத் திருப்பித் தராமல் வைத்திருப்பதாக அமலாக்கத்துறை அந்த நவம்பரில் குற்றம்சாட்டியது.